ஆறு பீப், கறுப்புத் திரை: பேட்டரி கசிந்த 486 போர்டை எழுப்புவது எப்படி?

கடைசிஜம்பர்:

வணக்கம். பழைய 486 கம்ப்யூட்டரோட மதர்போர்டு ஒண்ணை எழுப்பப் பாக்கறேன். போர்டு விவரம்: ஆப்டி 82சி495 சிப்செட், கூடவே 82சி206, 1993 தேதியிட்ட ஏஎம்ஐ பயாஸ் (மிஷினைத் தொடக்கி வைக்கிற புரோகிராம்), மூணு விஎல்பி ஸ்லாட் (வேகமான கார்டுகளுக்கானது). சிபியு 486 டிஎக்ஸ்2-66. 30 பின் சிம் (ரேம் பலகை) 4 எம்பி வீதம் நாலு. கேஷ் 256 கேபி. ட்ரைடென்ட் விஜிஏ கார்டு (திரைக்கானது), பழைய ஐஎஸ்ஏ வகை ஸ்லாட்ல. பவர் சப்ளை புது 450 வாட் ஏடிஎக்ஸ், பழைய ஏடி வகை கனெக்டருக்கு மாத்தற கேபிள் வழியா.

நீல நிற பீப்பாய் பேட்டரி (3.6 வோல்ட் நிக்கல் காட்மியம்) கசிஞ்சிருந்தது. கீபோர்டு சாக்கெட்டுக்கும் 40 கால் கீபோர்டு கன்ட்ரோலருக்கும் நடுவுல பச்சைக் களிம்பு. பேட்டரியை வெட்டி எடுத்து, டூத் பிரஷ்ல தேய்ச்சாச்சு. பவர் போட்டா சிபியு சூடாகுது, ஸ்பீக்கர்ல ஆறு குட்டை பீப், திரையில ஒண்ணும் இல்ல.

மேனுவல் கிடையாது. ஜம்பர் (பின்கள்ல குட்டி கேப் மாட்டி செட்டிங் மாத்தறது) முப்பதுக்கு மேல இருக்கு. சிலதை மாத்திப் பாக்கலாமா? ரேம் கோளாறா? அப்புறம், பழைய பேட்டரிக்குப் பதிலா என்ன வைக்கலாம்? போர்டு எழுந்தா டிஎக்ஸ்4-100 சிபியுவும், 4 ஜிபி சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ்) மெமரி கார்டை ஹார்ட் டிஸ்க்காவும் போட ஆசை.

---

மீட்டர்முனை:

ஜம்பர்ல கை வைக்காதீங்க. பீப் சத்தம் வருதுன்னா பயாஸ் ஓடுது. சிபியு, கிளாக், பயாஸ் ராம் (ROM, பயாஸ் பதிஞ்சிருக்கிற சிப்; ரேம் இல்ல) மூணும் உயிரோட இருக்கு. தப்பான ஜம்பரோட ஒரு போர்டு ஆறு பீப் எண்ணிச் சொல்றது அபூர்வம். இப்ப இருக்கிற ஜம்பர் நிலையை மேலிருந்து நல்ல வெளிச்சத்துல படம் எடுத்து வச்சுக்கோங்க. உங்க கையில இருக்கிற ஒரே மேனுவல் அதுதான்.

ஏஎம்ஐ பயாஸ்ல ஆறு பீப்னா 8042 கேட் ஏ20 (1 எம்பிக்கு மேல உள்ள மெமரியைத் திறக்கிற லைன்) தோல்வி. ரேமா இருந்தா பெரும்பாலும் ஒண்ணு (ரெஃப்ரெஷ்) இல்ல மூணு (முதல் 64 கேபி) வரும். 8042ங்கறது களிம்பு பூத்த இடத்துல உக்காந்திருக்கிற அதே கீபோர்டு கன்ட்ரோலர்தான். பயாஸ் அதுக்கு ஏஏ கட்டளை அனுப்பும், அது 55ன்னு பதில் தரணும். எட்டு டேட்டா லைன்ல ஒண்ணு அறுந்திருந்தாக்கூட பதில் தப்பாயிடும், பயாஸ் அங்கேயே நின்னுடும். கீபோர்டு செருகாததால இந்த பீப் வராது. அது பின்னால திரையில வர்ற வேற எர்ரர்.

முதல்ல சுத்தம். கசிஞ்சது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். வெறும் பிரஷ்ஷும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் அதை முறிக்காது. வெள்ளை வினிகர்ல காது குடையுற பட்ஸை நனைச்சு அந்த இடத்துல மட்டும் பத்து நிமிஷம் ஊற விடுங்க. லேசா நுரைச்சாலும் நுரைக்கும். பிரஷ்ல தேய்ச்சு, தண்ணியில நல்லாக் கழுவி (கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டர்), அப்புறம் ஐசோபுரொப்பைல், அப்புறம் ஒரு நாள் காய விடுங்க. வினிகர் இல்லேன்னா எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும், ஆனா அலசல் இன்னும் கவனமா இருக்கணும், பிசுபிசுப்பு தங்கும்.

கன்ட்ரோலர் சிப்பை சாக்கெட்ல இருந்து கழட்டிப் பாருங்க. சாக்கெட் அடியில காரம் புகுந்திருக்க நிறைய வாய்ப்பு. சாக்கெட் கால்கள் கறுத்திருந்தா சாக்கெட்டையே மாத்தணும். முழுசா உறிஞ்சி எடுக்கப் பாக்காதீங்க, துளைக்குள்ள இருக்கிற செம்பு கழண்டு வந்துடும். பிளாஸ்டிக்கை கட்டரால துண்டு துண்டா நறுக்கி எடுத்துட்டு, கால்களை ஒவ்வொண்ணா சூடு காட்டி இழுங்க. களிம்பு பிடிச்ச சால்டர் சுலபமா உருகாது. கொஞ்சம் ஃபிளக்ஸும் புது ஈயமும் சேர்த்தா இறங்கும்.

பிறகு மல்டிமீட்டரை கன்டினியூட்டியில (ரெண்டு முனையும் இணைஞ்சிருந்தா மீட்டர் கூவுற நிலை) வச்சு, போர்டு பவர் இல்லாம, இதைப் பாருங்க:

கன்ட்ரோலரோட 12ல இருந்து 19 வரைக்கும் உள்ள கால்கள் டேட்டா 0ல இருந்து 7. இந்த மாதிரி போர்டுகள்ல பெரும்பாலும் இதே லைன்தான் பயாஸ் சிப்புக்கும் போகும். 28 கால் பயாஸ்ல அவை முறையே 11, 12, 13, 15, 16, 17, 18, 19. அதாவது கன்ட்ரோலர் 12 – பயாஸ் 11, கன்ட்ரோலர் 13 – பயாஸ் 12, கன்ட்ரோலர் 14 – பயாஸ் 13. அதுக்கு மேல ரெண்டு பக்கமும் ஒரே நம்பர். பயாஸ் ஓடறதால அந்தப் பக்கம் நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாம். எந்த ஜோடி கூவலையோ அங்க லைன் கட். ஒரு ஜோடிகூட கூவலேன்னா உங்க போர்டுல நடுவுல பஃபர் சிப் இருக்கு, லைனை கண்ணால பின்தொடரணும்.

9ஆம் கால் ஐஎஸ்ஏ ஸ்லாட்டோட ஏ29க்குப் போகணும் (அட்ரஸ் 2, போர்ட் 60க்கும் 64க்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரே பிட்தான்). 8ஆம் கால் ரீடு, 10 ரைட், 6 சிப் செலக்ட், 4 ரீசெட். 40லயும் 26லயும் 5 வோல்ட், 20 கிரவுண்ட். 22ஆம் கால்தான் கேட் ஏ20 வெளியே போற இடம். 21 சிபியு ரீசெட். 22ல இருந்து கிளம்பற லைன் சிப்செட் வரைக்கும் போய்ச் சேருதான்னு பாக்காம விட்டுடாதீங்க.

அறுந்த இடத்தை 30 கேஜ் ராப்பிங் வயரால கால்ல இருந்து காலுக்குப் பாலம் போடுங்க. கறுத்துப்போன லைன் மேலயே ஈயம் தடவி ஒட்டவச்சா ஆறு மாசத்துல மறுபடி அறுந்துடும். கறுப்பு தெரியுற இடத்துல பச்சைப் பூச்சை பிளேடால மெதுவா சுரண்டிப் பாருங்க. அடியில செம்பு நிறம் தெரிஞ்சா பிழைச்சது, கறுப்புப் பொடியா உதிர்ந்தா போச்சு. சுரண்டின இடத்துக்கு யூவி ஒளியில இறுகற மாஸ்க் பூச்சு, அது இல்லேன்னா நகப்பூச்சு.

எல்லா லைனும் சரியா இருந்தும் ஆறு பீப் தொடர்ந்தா மட்டும் சிப்பை மாத்துங்க. விஐஏ 82சி42 மாதிரி எந்த 40 கால் ஏடி கன்ட்ரோலரும் கால் வரிசையில ஒத்துப்போகும்.

---

ஐஎஸ்ஏகாலம்:

மேல சொன்னது சரி. அதுக்கு முன்னாடி பவர் பக்கம் ரெண்டு வார்த்தை, ஏன்னா போர்டை இனிமே பத்து இருவது தடவை ஆன் பண்ணப் போறீங்க.

ஏடி கனெக்டர் ரெண்டும் செருகும்போது கறுப்பு வயர்கள் நடுவுல பக்கத்துல பக்கத்துல வரணும். ரெண்டையும் இடம் மாத்திச் செருகினா போர்டு போயிடும், அதுக்கு ரெண்டாவது வாய்ப்பு கிடையாது. புது ஏடிஎக்ஸ் சப்ளையில மைனஸ் 5 வோல்ட் வராது. ஐஎஸ்ஏ ஸ்லாட்டோட பி5 காலுக்கு மட்டும்தான் அது போகுது. விஜிஏ, மல்டி ஐஓ கார்டுக்கு (டிஸ்க், போர்ட்டுகளுக்கான கார்டு) தேவையில்ல. ஆரம்பகால சவுண்ட் கார்டு சிலதுக்குத்தான் வேணும்.

பழைய ஏடி சப்ளையை உபயோகிக்கிறவங்களுக்கு: முன்பக்க சுவிட்சுக்கு வர்ற நாலு வயர்ல ஓடறது 230 வோல்ட். ஸ்லீவ் இல்லாம அந்த முனைகளைத் திறந்து வச்சு டெஸ்ட் பண்ணாதீங்க.

பவர் போடறதுக்கு முன்னாடி ஐஎஸ்ஏ ஸ்லாட்ல பி9க்கும் பி10க்கும் நடுவுல ஓம் அளந்து பாருங்க. அது 12 வோல்ட்டும் கிரவுண்டும். ஒண்ணு ரெண்டு ஓம் காட்டினா ஸ்லாட் பக்கத்துல இருக்கிற மஞ்சள் டான்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட். 12 வோல்ட் லைன்ல 16 வோல்ட் டான்டலம் போட்டிருப்பாங்க, முப்பது வருஷத்துல அது வெடிக்கிறது சகஜம். 10 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் போடுங்க. பிளஸ் பக்கம் கோடு போட்டிருக்கும். சாதா எலக்ட்ரோலிட்டிக்ல கோடு மைனஸ் பக்கம். இங்கதான் நிறைய பேர் தலைகீழா மாட்டறாங்க.

அடுத்தது பேட்டரி. பீப்பாய் இருந்த இடத்துலயே சிஆர்2032 ஹோல்டரை ஈயம் வச்சு ஒட்டறதை அங்கங்க படத்துல பாத்திருப்பீங்க. செய்யாதீங்க. அந்த இடத்துக்கு போர்டு சார்ஜ் அனுப்பும், லித்தியம் காயின் செல் சார்ஜ் ஏத்தறதுக்கு இல்ல. உப்பும், சில சமயம் வெடிக்கும். ரெண்டு வழி:

ஒண்ணு, நாலு பின் வெளி பேட்டரி ஹெடர். 1 பிளஸ், 4 கிரவுண்ட். உள் பேட்டரி இருந்தப்ப 2-3ல ஒரு கேப் போட்டிருக்கும், அதை எடுத்துட்டு மூணு ஏஏ செல் (4.5 வோல்ட்) ஹோல்டரை மாட்டுங்க. மாட்டறதுக்கு முன்னாடி போர்டை ஆன் பண்ணி, ஹெடர் 1லயும் 4லயும் மீட்டர் வச்சுப் பாருங்க. அங்க வோல்டேஜ் வந்தா போர்டுல தடுப்பு டையோடு இல்லைன்னு அர்த்தம், நீங்களே ஒண்ணு சேர்க்கணும். ஹோல்டரை நீள வயர்ல இழுத்து கேபினெட் ஓரமா வைங்க. திரும்பவும் போர்டு மேலயே கசிய விடறதுக்கா இவ்வளவு பாடு?

ரெண்டு, காயின் செல் ஹோல்டர், பிளஸ் வயர்ல 1என்5817 டையோடு, வெள்ளைக் கோடு போர்டு பக்கம் பாக்கணும்.

---

ஈயப்புகை:

5817 வேண்டாம். ஷாட்கி டையோடுல முன்பக்க வோல்டேஜ் இழப்பு குறைச்சல்னு எல்லாரும் அதைச் சொல்றாங்க, ஆனா பின்பக்கக் கசிவு சாதா டையோடைவிடப் பல மடங்கு. மிஷின் ஓடற நேரமெல்லாம் அந்தக் கசிவு காயின் செல்லுக்குள்ளதான் போகும். நம்ம ஊர் வெயில்ல கேபினெட் உள்ள சூடு ஏற ஏற அது கூடும். 1என்4148 போதும். 0.6 வோல்ட் போயிடுமேன்னு கவலைப்படாதீங்க, 82சி206 கடிகாரம் இழுக்கிறது சில மைக்ரோ ஆம்ப்தான். அந்த அளவு கரண்டுல இழப்பு 0.6ஐவிடக் குறைவாத்தான் இருக்கும்.

---

ஐஎஸ்ஏகாலம்:

ஒத்துக்கறேன். 4148 டையோடையே போடுங்க, தெருமுனைக் கடையிலயும் கிடைக்கும்.

---

கடைசிஜம்பர்:

ரொம்ப நன்றி. கன்ட்ரோலர் 14 – பயாஸ் 13 கூவல. 22ஆம் கால் லைனும் சாக்கெட் ஓரத்துலயே பொடியா உதிர்ந்துடுச்சு. ரெண்டுக்கும் வயர் போட்டேன், சாக்கெட்டும் புதுசு. ஆறு பீப் போச்சு, திரை வந்துடுச்சு, மெமரி எண்ணி முடிக்குது. இப்ப சிமாஸ் (பயாஸ் செட்டிங் நினைவு) செக்சம் எர்ரர், அடுத்தது கீபோர்டு எர்ரர். வேற மிஷின்ல நல்லா வேலை செய்யுற கீபோர்டுதான். இங்க செருகினா அதோட மூணு லைட்டும் ஒரு தடவைகூட மின்னல.

---

மீட்டர்முனை:

சிமாஸ் எர்ரர் பேட்டரி இல்லாததால. செட்டப்ல போய் சேவ் பண்ணினா அடுத்த பவர் ஆஃப் வரைக்கும் நிக்கும்.

லைட் மின்னலேன்னா கீபோர்டுக்கு 5 வோல்ட் போகல. கீபோர்டு செருகற வட்டமான டின் சாக்கெட்டை வெளியில இருந்து பாத்தா அரைவட்டமா அஞ்சு துளை. நம்பர் வரிசையா இருக்காது: ஒரு ஓரத்துல இருந்து 1, 4, 2, 5, 3ன்னு போகும். நடுவுல இருக்கிறது 2, டேட்டா. 1 கிளாக், 4 கிரவுண்ட், 5தான் 5 வோல்ட். அங்க ஜீரோ காட்டினா சாக்கெட் பக்கத்துல எஃப்1 இல்ல எஃப்பி1னு எழுதியிருக்கிற, ரெசிஸ்டர் மாதிரி தெரியுற பாகத்தைப் பாருங்க. அது ஃபியூஸ், இல்லேன்னா காயில். ஓப்பனா இருந்தா 1 ஆம்ப் பிக்கோ ஃபியூஸ், அல்லது தானா மீள்ற பாலிஃபியூஸ் 1.1 ஆம்ப். வெறும் கம்பியால ஷார்ட் பண்ணி விட்டுடாதீங்க. அடுத்த தடவை கீபோர்டு கேபிள்ல ஷார்ட் ஆனா போர்டு லைனே ஃபியூஸா எரியும்.

---

ஈயப்புகை:

இனி டிஎக்ஸ்4 விஷயம். டிஎக்ஸ்2-66 5 வோல்ட் சிபியு, டிஎக்ஸ்4-100 3.3 வோல்ட். 5 வோல்ட் மட்டுமே தர்ற சாக்கெட்ல டிஎக்ஸ்4 போட்டா கொஞ்ச நேரம் ஓடற மாதிரிகூட தெரியும், அப்புறம் சிப் போயிடும். சாக்கெட் பக்கத்துல ஹீட்சிங்க்கோட மூணு கால் ரெகுலேட்டரும், 3.3 வோல்ட் 5 வோல்ட்னு எழுதின ஜம்பர் கூட்டமும் இருக்கா? இந்த சிப்செட் போர்டுகள்ல பெரும்பாலும் இருக்காது. இல்லேன்னா, ரெகுலேட்டர் பதிச்ச இடைச் சாக்கெட் ஒண்ணு வாங்குங்க. அல்லது இன்டெல் டிஎக்ஸ்4 ஓவர்டிரைவ். ரெகுலேட்டர் அது மேலயே இருக்கு, 5 வோல்ட் சாக்கெட்ல நேரா உக்காரும். ரெண்டுலயும் பஸ் 33 மெகாஹெர்ட்ஸ்தான், உள்ள மூணு மடங்கு, அதனால கிளாக் ஜம்பரைத் தொட வேண்டியதில்ல.

ஏஎம்டி 5எக்ஸ்86-133 கிடைச்சா அதுவும் 33லயே ஓடும், நாலு மடங்கு. அதுக்கு ஆர்17 கால் கிரவுண்டுக்குப் போகணும். இன்டெல் டிஎக்ஸ்4ல அதே காலை கிரவுண்ட் பண்ணினா ரெண்டு மடங்கு. அதனாலதான் ஜம்பரை 2 மடங்குன்னு எழுதின இடத்துல வச்சா ஏஎம்டி 133ல ஓடுது, எழுத்துப்பிழை இல்ல. வோல்டேஜ் 3.45.

எதைப் போட்டாலும் உள் கேஷை ரைட் த்ரூவுலயே (எழுதறது உடனே ரேமுக்கும் போற முறை) வைங்க. ரைட் பேக் (ரேமுக்குப் பிறகு எழுதற முறை) தெரியாத போர்டுல ரைட் பேக் சிபியு போட்டா மிஷின் பூட் ஆகும், கேம் ஓடும், எல்லாம் நல்லா இருக்கிற மாதிரி இருக்கும். ஃபிளாப்பியில இருந்து பெரிய ஜிப் ஃபைலைக் காப்பி பண்ணி விரிச்சுப் பாருங்க, சிஆர்சி எர்ரர் (டேட்டா கெட்டுப்போச்சுங்கற எர்ரர்) வரும். ஃபிளாப்பி டிஎம்ஏ வழியா (சிபியுவைத் தொடாம நேரா) ரேம்ல எழுதறது சிபியுவுக்குத் தெரியாம, பழைய கேஷ் டேட்டாவையே அது படிக்கும். ஃபிளாப்பி டிரைவ் மேல பழி போட்டு மூணு டிரைவ் மாத்தினவங்க இருக்காங்க.

பயாஸ் செட்டப்ல முதல்ல பயாஸ் டிஃபால்ட்டை ஏத்துங்க, அப்புறம் ஒவ்வொண்ணா. ஏடி பஸ் கிளாக் (ஐஎஸ்ஏ ஸ்லாட் வேகம்) 8ல இருந்து 8.33 மெகாஹெர்ட்ஸுக்குள்ள: 33ஐ நாலால வகுக்கணும், 40 பஸ்னா அஞ்சால. அதுக்கு மேல ஏத்தினா பழைய மல்டி ஐஓ கார்டுதான் முதல்ல உளறும். உள் கேஷ், வெளி கேஷ் ரெண்டும் ஆன். சிஸ்டம், வீடியோ ஷேடோ (பயாஸை ரேமுக்குக் காப்பி பண்ணி ஓட்டறது) ஆன். மெயின் மெனுவுல ஹார்ட் டிஸ்க் யுட்டிலிட்டின்னு ஒண்ணு இருக்கும், அந்தப் பக்கமே போகாதீங்க. அது பழைய எம்எஃப்எம் டிஸ்க்குகளுக்கான லோ லெவல் ஃபார்மேட்.

256 கேபி கேஷ்ல 8 பிட் டேக் (எந்த ரேம் இடம் கேஷ்ல இருக்குன்னு குறிக்கிறது) இருந்தா 64 எம்பி வரைக்கும் கேஷ் ஆகும். அதுல ஒரு பிட் டர்ட்டிக்கு (ரேமுக்கு இன்னும் எழுதலைன்னு குறிக்க) போனா 32. உங்க 16க்கு எப்படியும் போதும். ஆனா அந்த ஒன்பது சிப்பும் நிஜமான்னு கேஷ்செக் புரோகிராம் ஓட்டிப் பாருங்க. அந்தக் காலத்துலயே வெறும் பிளாஸ்டிக் கட்டையைக் கேஷ்னு பதிச்சு, பயாஸையும் 256னு சொல்ல வச்ச போர்டுகள் உண்டு. 8 கேபிக்கும் (உள் கேஷ்) 256 கேபிக்கும் நடுவுல வேகம் ஒரு படி தனியா தெரியணும். நேரா ரேம் வேகத்துக்கு விழுந்தா கட்டைதான், இல்ல டேக் சிப் கால் வளைஞ்சு வெளிய நிக்குது.

---

ஐஎஸ்ஏகாலம்:

சிஎஃப் கார்டுக்கு: இந்த பயாஸ்ல எல்பிஏ (பெரிய டிஸ்க்கைக் கையாளற முறை) இருக்காது. டைப் 47ல (அளவை நாமே கொடுக்கிற டிஸ்க் வகை) 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார், அதுதான் உச்சம். 528 எம்பி, அதாவது 504 மெபிபைட். அது போதும்னா டைப் 47ல அதையே கொடுத்து விட்டுடலாம், மீதி இடம் வீண்.

முழு 4 ஜிபியும் வேணும்னா எக்ஸ்டி-ஐடிஈ யுனிவர்சல் பயாஸ் (பெரிய டிஸ்க்குக்கான கூடுதல் பயாஸ்). 28 கால் பூட் ராம் சாக்கெட் உள்ள ஐஎஸ்ஏ நெட்வொர்க் கார்டு ஒண்ணு (3காம் 3சி509பி நல்லா ஒத்துழைக்கும்), ஒரு 28சி64 ஈஈபுராம், எழுத டிஎல்866 மாதிரி புரோகிராமர். 8 கேபி அளவுள்ள 386 பதிப்பை எடுத்து, அதோட வர்ற கான்ஃபிகரேஷன் புரோகிராம்ல போர்ட் 1எஃப்0 கொடுத்து, அதுலயே சேவ் பண்ணுங்க. செக்சமை அதுதான் சரி பண்ணும். ஹெக்ஸ் எடிட்டர்ல கை வச்சா செக்சம் பிசகி, மதர்போர்டு பயாஸ் அந்த ராமைக் கண்டுக்காது. நெட்வொர்க் கார்டோட டாஸ் செட்டப் புரோகிராம்ல பூட் ராமை டி000ல எனேபிள் பண்ணுங்க. மதர்போர்டு பயாஸ்ல ஹார்ட் டிஸ்க் நாட் இன்ஸ்டால்டு.

டாஸ் 6.22ல ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிதான், ரெண்டா பிரிங்க. முதலாவதை ஆக்டிவ் ஆக்கி, எஃப்டிஸ்க்கை எம்பிஆர் சுவிட்சோட (டிஸ்க் தொடக்கத்துல பூட் கோடு எழுத) ஒரு தடவை ஓட்டிட்டு, ஃபார்மேட்டை எஸ் சுவிட்சோட. கேமராவுல இருந்து வந்த கார்டுல பூட் கோடு இருக்காது. அந்த எம்பிஆர் படியை விட்டுட்டுத்தான் பலரும் கார்டு சரியில்லைன்னு தூக்கிப் போடறாங்க. இஎம்எம்386 (டாஸோட மெமரி மேனேஜர்) போட்டா டி000ல இருந்து டி1எஃப்எஃப் வரைக்கும் விலக்கிடுங்க.

---

கடைசிஜம்பர்:

எஃப்பி1 ஓப்பன்தான். பாலிஃபியூஸ் போட்டதும் கீபோர்டு மின்னுது. டைப் 47 வழியா டாஸ் பூட் ஆகுது, யுனிவர்சல் பயாஸ் அடுத்த வாரம். கேஷ்செக்ல 256ல படி தெரியுது. ஒரே ஒரு சந்தேகம்: டைரக்டரி லிஸ்ட்கூட எழுத்தெழுத்தா ஊர்ந்து வருது. எல்லா செட்டிங்கும் மேல சொன்ன மாதிரிதான்.

---

ஈயப்புகை:

டர்போ (வேகம் மாத்தற சுவிட்ச்) ஹெடர் திறந்து கிடக்கு. கேபினெட் சுவிட்ச் மாட்டாம மேசை மேல வச்சு ஓட்டறீங்கதானே? முன்பக்க ஹெடர் வரிசையில டிபி இல்ல டிபி எஸ்டபிள்யூன்னு எழுதின ரெண்டு பின்ல ஒரு கேப் போடுங்க. பக்கத்துல இருக்கிற டர்போ எல்ஈடி பின்ல போட்டுடாதீங்க. சில போர்டுல எதிர்மாறா, திறந்திருந்தாத்தான் முழு வேகம். ஏஎம்ஐ பயாஸ்ல கன்ட்ரோல், ஆல்ட்டோட பிளஸ், மைனஸ் அழுத்தினாலும் வேகம் மாறும். கேப் போடறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை அழுத்திப் பாருங்க.

---

கடைசிஜம்பர்:

கேப் போட்டதும் சரியாயிடுச்சு. ஹெடர்ல எழுத்து தேய்ஞ்சிருக்கு. எல்ஈடி பின்ல 5 வோல்ட் காட்டினதால பக்கத்து ஜோடிதான் சுவிட்ச்னு பிடிச்சேன்.